மேலூர்த் தம்பியும் இரண்டு கமாக்களும்

ஒன்றேகால் மீட்டர் பருத்தித் துணி. விலை மீட்டருக்கு இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது யூரோ. என் கடையில் தட்டச்சாகி ஜெர்மனிக்குப் போன விலைப்புள்ளியை அங்கிருந்த வியாபாரி இப்படித்தான் படித்தார். நான் அடித்திருந்தது 1,250 மீட்டர், மீட்டருக்கு 2.450 யூரோ. துணி ஏற்றுமதி செய்யும் பெரியவர் விலையைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை எழுதச் சொல்லுவார். காசில் பத்தில் ஒரு பங்கைக்கூட விடமாட்டார். அந்த மூன்றாவது இலக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஜெர்மன்காரர்களுக்குக் கமாதான் தசமக் குறி. ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் புள்ளி வைப்பார்கள். ஆகவே அவர் கண்ணுக்கு 1,250 என்பது ஒன்றேகால், 2.450 என்பது இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த மனிதர் வியாபாரத்தில் பழுத்தவர், விஷயம் புரியாமல் இல்லை. ஆனாலும் சும்மா விடவில்லை. 'மேஜை விரிப்புக்காக மூவாயிரம் யூரோவுக்கு மேல் செலவழிக்கும் ஆட்கள் எங்கள் ஊரில் இல்லை, துணியில் தங்கம் ஏதும் கலந்திருக்கிறதா' என்று மின்னஞ்சல் அனுப்பினார். பெரியவர் அதை அச்செடுத்து வந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எதிரே உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணா பேருந்து நிலையத்துக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் நடுவில் இருபத்தாறு வருடமாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், விசாவுக்கான கடிதம், தமிழ்ப் பத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் வரும். கமாவை நான் அடித்த அளவுக்கு மதுரையில் யாராவது அடித்திருப்பார்களா என்பது சந்தேகம். வலது கையின் நடுவிரல்தான் கமாவுக்குரிய விரல், என் நடுவிரலின் நுனி இன்றும் தட்டையாக இருக்கிறது. அப்படிப்பட்ட எனக்கு, கமா என்பது நாட்டுக்கு நாடு வேறு என்று ஒரு மேஜை விரிப்பு வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அதன்பின் தேடிப் படித்தேன். பிரான்சில் ஆயிரத்துக்கு ஒரு சிறு இடைவெளி விடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் மேலே ஒரு ஒற்றைக்குறி போடுகிறார்கள். இந்தச் சண்டையைத் தீர்க்க எடை அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 1948-லேயே ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. 2003-ல் அதை மறுபடியும் உறுதிசெய்திருக்கிறது. தசமக் குறியாகப் புள்ளியும் இருக்கலாம், கமாவும் இருக்கலாம். ஆனால் பெரிய எண்ணை மூன்று மூன்றாகப் பிரிக்க வெறும் இடைவெளிதான், அங்கே புள்ளியும் கூடாது கமாவும் கூடாது. அறிவியல்காரர்கள் அதைக் கேட்டு நடந்தார்கள். கடைக்காரர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் மட்டும் அன்றிலிருந்து வெளிநாட்டுக் கடிதங்களில் 1 250 என்று இடைவெளி விட்டு எழுதி, விலையை எண்ணோடு எழுத்திலும் எழுதிவிடுகிறேன். பெரியவர் மூன்றாவது இலக்கத்தை இன்னும் விட்டபாடில்லை.

எங்கள் வீட்டிலேயே இன்னொரு சண்டை உண்டு. அக்காள் மகன் சென்னையில் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறான். அவன் ஒரு லட்சத்தை 100,000 என்று எழுதுவான், நான் 1,00,000 என்று எழுதுவேன். "சித்தி, உங்கள் கமா தவறான இடத்தில் இருக்கிறது" என்றான் ஒரு பொங்கலின்போது. வாயால் சொல்லிப் பார் என்றேன். வலக்கோடியில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டு என்ற விதி யாரோ அதிகாரி உட்கார்ந்து வகுத்ததல்ல. நாம் ஆயிரம் வரை எண்ணிவிட்டு, அதற்குமேல் நூறு நூறாகப் பேர் வைத்திருக்கிறோம். நூறு ஆயிரம் ஒரு லட்சம், நூறு லட்சம் ஒரு கோடி. அவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பேர் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆயிரம் ஒரு மில்லியன், ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன். 3,45,67,890 என்பதைப் படித்துப் பாருங்கள்: மூன்று கோடி, நாற்பத்தைந்து லட்சம், அறுபத்தேழாயிரம், எண்ணூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு கமாவிலும் நாக்கு ஒரு பேரைச் சொல்லி இறங்குகிறது. அதையே 34,567,890 என்று எழுதினால் தமிழ் நாக்குக்கு நிற்க இடமில்லை, வலது பக்கத்திலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். அக்காள் மகன் அப்படித்தான் எண்ணினான். அன்று எல்லார் எதிரிலும் பிடிபட்டான்.

அதற்காக ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் நம் கமாதான் சரி என்று நான் வாதாடமாட்டேன். படிப்பவர் மதுரைக்காரரோ மும்பைக்காரரோ என்றால் லட்சம், கோடி, 1,00,000. படிப்பவர் லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் மில்லியன், 100,000. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலப்பதுதான் குற்றம். 'டென் லேக்' என்று எழுத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் 1,000,000 என்று எண்ணில் போட்டுக்கொண்டு வருபவர்கள் மாதத்துக்கு நான்கு பேராவது உண்டு. மேல்நாட்டுக்காரர்களும் தங்களுக்குள் ஒத்துப்போனவர்கள் அல்லர் என்பது ஓர் ஆறுதல். முன்பு பிரிட்டனில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், அமெரிக்காவில் ஆயிரம் மில்லியன். 1974-ல் பிரதமர் ஹரால்டு வில்சன் நாடாளுமன்றத்தில் அமெரிக்கக் கணக்கையே இனி அரசு பின்பற்றும் என்று சொன்ன பிறகுதான் அந்த வழக்கு முடிந்தது.

எங்கள் தாத்தாவின் பெட்டியில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அதில் ஆயிரத்து இருநூற்று ஐம்பதை ௲௨௱௫௰ என்று எழுதியிருப்பார். ஆயிரம், இரண்டு நூறு, ஐந்து பத்து. பழைய தமிழ் இலக்கங்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனி எழுத்து உண்டு, பூச்சியத்துக்கு வேலை இல்லை. எழுத்தே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போகிறது. கமா எங்கே போடுவது என்று அவரிடம் கேட்டிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார்.

எண்ணில் நாக்கை நம்பலாம் என்றால், வாக்கியத்தில் அப்படி இல்லை என்பதுதான் என் இருபத்தாறு வருடத் தலைவலி. தட்டச்சு நிலையத்தில் எங்கள் மாஸ்டர் சொல்லித்தந்தது ஒரே விதி: படிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே கமா. பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். லோயர் தேர்வுக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் எதிரே இருந்த தாளைப் பார்த்து அடித்தோம், நாங்களாக ஒரு கமாவும் வைக்கவில்லை. கமாவுக்குப் பின் ஒரு இடைவெளி, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு. தவறினால் மதிப்பெண் போய்விடும்.

(இடைவெளி என்றதும் ஒன்று. கமாவுக்கு முன்னால் இடைவெளி விடும் பழக்கம் இந்த ஊரில் ஒரு தொற்றுநோய். சுவரொட்டிகளுக்குப் பேர்போன ஊர் இது. காதணி விழாவோ கட்சிக் கூட்டமோ, பெயருக்கும் கமாவுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். வரி மடியும்போது கமா கழன்று அடுத்த வரியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தல்லாகுளத்தில் ஒரு பலகையில் ஒரு அண்ணனின் மீசைக்கு நேர் கீழே, வரித் தொடக்கத்தில் தனியாக ஒரு கமாவைப் பார்த்தேன். தாடி என்று நினைத்துவிட்டேன்.)

மூச்சு விதி முழுப் பொய் அல்ல, பழைய விதி. ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் ஒரு காலத்தில் கமாவுக்கு ஒன்று எண்ணும் நேரம், அதற்கடுத்த குறிக்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நிறுத்திப் படிக்கப் பழக்கினார்கள். நம் பெயர்களைப் பாருங்கள்: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. நாலில் ஒன்று கால், நாலில் இரண்டு அரை. அந்தப் பள்ளிக்கூடக் கணக்கு நம் பெயர்களில் அப்படியே உறைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கமா என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, வெட்டிய துண்டு என்று பொருள். இரண்டில் நம்முடையதுதான் அழகு.

ஆனால் இன்றைய ஆங்கிலம் மூச்சைப் பார்ப்பதில்லை. அது வாக்கியத்தின் கட்டுமானத்தைப் பார்க்கிறது. எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதற்கும் அதன் வினைக்கும் நடுவில் ஒற்றைக் கமா நுழையக்கூடாது. 'தி ஹவுஸ் இன் விச் மை கிராண்ட்ஃபாதர் லிவ்டு ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்' என்று படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். வாங்கட்டும், கமா கிடையாது, நேராக 'வாஸ் சோல்டு'. என்னிடம் வரும் கையெழுத்துப் படிகளில் பாதிக்குமேல் இங்கேதான் கமா இருக்கும். காரணம் தமிழ். தமிழில் நீண்ட எழுவாய்க்குப் பின் நின்று மூச்சு வாங்குவது இயல்பு, கமா போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அதேபோல 'பஸ் வரவில்லை, ஆட்டோ பிடித்தேன்' என்று தமிழில் இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டலாம். ஆங்கிலத்தில் அந்தப் பசை பிடிக்காது. நடுவில் 'ஸோ' வேண்டும், அல்லது அரைப்புள்ளி வேண்டும், அல்லது முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இந்த இரண்டு பிழைகளை மட்டும் விட்டொழித்தால் ஒருவருடைய ஆங்கிலக் கடிதம் பாதி சுத்தமாகிவிடும். இதைச் சொன்னால் இளம் வக்கீல்கள் முகம் சுளிப்பார்கள், பிறகு திருத்திக்கொள்வார்கள்.

ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் எதுவும் கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டு எழுதினார்கள், இதில் கமா எங்கே. அப்படியும் படித்தவர்களுக்குப் புரிந்தது என்றால், கமா செய்யும் வேலையைத் தமிழில் சொல்லின் வால் செய்துவிடுகிறது. பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 'முருகனும் செல்வியும் பாண்டியும்.' ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் உம் ஒட்டியிருக்கிறது, ஒருவரையும் இன்னொருவரோடு சேர்த்துக் கட்டிவிட முடியாது. ஆங்கிலத்தில் 'முருகன், செல்வி அண்ட் பாண்டி' என்று எழுதி, அந்த 'அண்ட்' என்பதற்கு முன் கமா வேண்டுமா வேண்டாமா என்று தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று அதற்குப் பேர். பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பொதுவாகப் போடுவதில்லை, அமெரிக்கப் புத்தகப் பதிப்பாளர்கள் போடுகிறார்கள். நம் பள்ளிக்கூடங்களில் 'அண்ட்' என்பதற்கு முன் கமா வந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். அந்தச் சுழிப்புக்கு நான் உடன்படவில்லை. சொத்துப் பத்திரத்தில் அந்தக் கமாவைப் போட்டே தீருவேன். போடாவிட்டால், முருகனுக்குப் பாதி, செல்வி பாண்டி தம்பதிக்கு மீதிப் பாதி என்று வாதாட ஒரு வக்கீல் கிளம்பி வருவார்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் அமெரிக்காவில் மேன் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனியின் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேர வேலைக்குக் கூடுதல் சம்பளம் கேட்டார்கள். எந்தெந்த வேலைக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது: உணவுப் பொருளைப் பதப்படுத்துதல், உறையவைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று போய், கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'. ஷிப்மென்ட் என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லை. கமா இருந்தால் சிப்பம் கட்டுவது ஒரு வேலை, விநியோகிப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் கூடுதல் சம்பளம் இல்லை. கமா இல்லாததால், அனுப்பவோ விநியோகிக்கவோ சிப்பம் கட்டுவது என்ற ஒரே வேலை என்றும் படிக்கலாம். ஓட்டுநர்கள் விநியோகிப்பவர்கள், சிப்பம் கட்டுபவர்கள் அல்லர். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இரு பொருள்பட இருக்கிறது, ஆகவே தொழிலாளர் பக்கம்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. ஒரு கமா இல்லாததால்தான் இந்த வழக்கே வந்தது என்று தீர்ப்பின் முதல் வரியிலேயே நீதிபதி எழுதினார். அடுத்த வருடம் 50 லட்சம் டாலருக்கு வழக்கைச் சமரசம் செய்து முடித்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, சட்டம் எழுதுபவர்களுக்கான அந்த மாநிலக் கையேடே கடைசிக் கமாவைப் போடாதே என்று சொல்லியிருந்தது என்பதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தின் சிவப்பு மை அங்கும் போயிருக்கிறது.

அந்தச் சட்ட வரியைத் தமிழாக்கிப் பார்த்தேன். 'அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ சிப்பம் கட்டுதல்' என்று எழுத வேண்டும், இல்லையென்றால் 'அனுப்புவதற்காகச் சிப்பம் கட்டுதல் அல்லது விநியோகித்தல்' என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளத் தமிழில் இடமே இல்லை. வேற்றுமை உருபு கழுத்தைப் பிடித்து எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுகிறது.

உம் இல்லாமலும் தமிழில் அடுக்கலாம், 'சேரன் சோழன் பாண்டியன்' என்பதுபோல. செவ்வெண் என்று அதற்குப் பெயர். ஆனால் நன்னூல் அங்கே ஒரு நிபந்தனை வைக்கிறது: பெயர்களை அப்படி வெறுமனே அடுக்கினால் முடிவில் தொகை சொல்ல வேண்டும். 'சேரன் சோழன் பாண்டியன் மூவரும் வந்தனர்.' பத்திரம் எழுதுபவர்கள் நன்னூலைப் படித்திருக்கிறார்களோ இல்லையோ, 'ஆகிய மூவருக்கும் சமமாக' என்று எழுதாமல் பேனாவை எடுக்கமாட்டார்கள். நானும் என் ஆங்கிலத்தில் அதைத் திருட்டுத்தனமாக நுழைத்துவிட்டேன். பெயர்களை அடுக்கிய பிறகு 'ஆல் த்ரீ' என்று ஒரு வார்த்தை. கமா போனாலும் எண்ணிக்கை காவல் நிற்கும். பவணந்தி முனிவர் என் கடையில் சம்பளமில்லாத வேலையாள்.

எண்ணை எழுத்தால் எழுதுவதிலும் தமிழ்க் காது நமக்கு உதவும், பயன்படுத்தினால். 21 முதல் 99 வரை ஆங்கிலத்தில் நடுவே சிறுகோடு போடுவார்கள், நாம் இருபத்தொன்று என்று சேர்த்து எழுதுவதைப்போல. 20, 30 போன்ற முழுப் பத்துகளுக்குக் கோடு கிடையாது. டூ ஹண்ட்ரட் என்பதில் கடைசியில் எஸ் வராது, ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள் என்பதில் வரும். இது குழப்பம் என்பார்கள். இருநூறு, நூற்றுக்கணக்கான என்று நாமும் இரண்டு விதமாகத்தானே சொல்கிறோம்? லட்சத்துக்கும் அப்படியே, ஃபைவ் லேக் ருபீஸ் என்று எஸ் இல்லாமல் எழுதுவதே நலம். நான்கிலும் பதினான்கிலும் இருக்கும் யு, நாற்பதில் கிடையாது. இதற்குக் காரணம் கேட்காதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள். எண்ணால் ஒரு ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கினால் அதை எழுத்தால் எழுதுங்கள். 5/3 என்று தேதி போட்டால் அமெரிக்காவில் மே மூன்று ஆகிவிடும், மாதத்தை எழுத்திலேயே போட்டுவிடுங்கள்.

நூறு என்று நாம் சொன்னால் அது அங்கே முடிந்தது. நூற்று என்றால் இன்னும் ஏதோ வருகிறது. ஆயிரத்து, லட்சத்து எல்லாம் அப்படித்தான். தமிழ் எண்ணுப்பெயருக்குள்ளேயே கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒன் ஹண்ட்ரட் முடிந்ததா இல்லையா என்பது சொல்லைப் பார்த்தால் தெரியாது. பிரிட்டிஷ்காரர்கள் நடுவில் 'அண்ட்' சேர்க்கிறார்கள், அமெரிக்கர்கள் அதையும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் காசோலையில் கடைசியில் 'ஒன்லி' என்று தாழ்ப்பாள் போடுகிறோம், எண்ணுக்குப் பின் 500/- என்று கோடு இழுக்கிறோம். அந்த 'ஒன்லி'யைப் பார்த்துத் தமிழ்ப் பத்திரத்திலும் 'மட்டும்' வந்து உட்கார்ந்துவிட்டது. ரூபாய் நூறு மட்டும் என்பதில் மட்டும் எதற்கு? இருந்தாலும் போடுகிறேன், போடாவிட்டால் வாங்குபவர் முகம் கோணும்.

எழுத்து ஏன் முக்கியம் என்றால், எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆம் பிரிவு சொல்கிறது. காசோலைக்கும் பிராமிசரி நோட்டுக்கும் உரிய சட்டம்தான். ஆனால் இதைச் சொல்லித்தான் கடைக்கு வரும் புதுப் பெண்களைப் பயமுறுத்துவேன். ஒருத்தி ஆங்கில வழியில் படித்தவள், விரல் மின்னல். பழைய குடித்தனக்காரர் ஒருவர் தன் வாடகை ஒப்பந்தத்தைச் சொல்லச் சொல்ல அடித்தாள். மாத வாடகை தொள்ளாயிரம் ரூபாய் என்றார். அவள் 9,000 என்று அடித்து, பக்கத்தில் நைன் தௌசண்ட் ஒன்லி என்று எழுத்திலும் பூட்டிவிட்டாள். குடித்தனக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "வீட்டுக்காரர் கனவில்கூட இதைக் கண்டதில்லை அம்மா" என்றார்.

அவளைக் கோபிக்க முடியவில்லை. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறதே! எண்ணூறுக்கு அடுத்து ஒன்பது நூறு என்ற சொல் வர வேண்டிய இடத்தில் ஆயிரத்தின் வால் வருகிறது. எண்பதுக்கு அடுத்து வரும் தொண்ணூறில் நூறின் வால். இந்த விசித்திரத்துக்கென்றே நன்னூலில் தனிச் சூத்திரம் உண்டு. தாளில் அதை எழுதிக் காட்டினேன். அவள் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள், படித்தாளா தெரியாது.

எங்கள் மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். ஆங்கிலத்தில் உத்தேசமான முழு எண்ணை எழுத்தால் எழுது, துல்லியமான எண்ணை இலக்கத்தால் எழுது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதை விளக்க எனக்கு இந்த மண்டபத்தைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. வாயில் ஆயிரம், கணக்கில் 985.

இனி மேலூர்த் தம்பி. சென்ற ஆடியில் ஒரு அம்மாள் வந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலமான அப்பாவின் பெயரில் வெளிமாநிலத்தில் ஒரு வங்கியில் வைப்புத்தொகை இருந்தது, அங்கே ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரம் கேட்டிருந்தார்கள். வக்கீல் குமாஸ்தா தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வரி: 'மேலூரில் வசிக்கும் என் தம்பிக்கு இதில் ஆட்சேபணை இல்லை.' நான் யோசிக்காமல் அடித்தேன்: 'மை யங்கர் பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மேலூர், ஹாஸ் நோ அப்ஜெக்ஷன்.' அச்செடுக்கப் போகும்போது கை நின்றது.

அந்த இரண்டு கமாக்களும் இருந்தால் அவருக்கு ஒரே தம்பி. அவர் மேலூரில் இருக்கிறார் என்பது உபரித் தகவல். கமாக்களை எடுத்துவிட்டால், தம்பிகள் பலர், அவர்களில் மேலூரில் இருப்பவர் என்று ஆகும். மூச்சு விடுவதோ விடாததோ இங்கே பேச்சே இல்லை. தமிழ் வரியில் இது தெரியாது. மேலூரில் வசிக்கும் என்ற பெயரெச்சம் ஒற்றைத் தம்பிக்கும் பொருந்தும், ஆறு தம்பிகளில் ஒருவருக்கும் பொருந்தும். அவ்வளவு நேரம் தமிழ் வால்களின் பெருமை பாடினேன் அல்லவா, இந்த இடத்தில் தமிழ் வாயைத் திறப்பதில்லை. ஆங்கிலம் விடாது. கமா போட்டாலும் ஒரு பதில், போடாவிட்டாலும் ஒரு பதில், பதில் சொல்லாமல் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

"அம்மா, உங்களுக்கு எத்தனை தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரே தம்பிதான்" என்றார் உடனே.

சரி என்று அச்சுக் கட்டளையில் கை வைத்தேன். அவர் முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னொருவன் இருந்தான். திருப்பூருக்கு வேலைக்கென்று போனான். பதினோரு வருடம் ஆயிற்று. அம்மா இருக்கும்வரை வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தோம். அதன்பிறகு எண்ணுவதில்லை. அவனையும் சொல்ல வேண்டுமா?"

நான் வக்கீலைப் பார்த்துவிட்டு வரும்படி சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். திரையில் அந்த வரிக்குப் போய் இரண்டு கமாக்களையும் அழித்தேன். பிறகு காணாமல் போனவரின் பெயரைக் கேட்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நானும் ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் எழுதிக்கொண்டேன்.